கிட்டாரின் வயதைக் கேட்காதீர்கள்

அக்கூஸ்டிக் கிட்டார் வாசிப்பவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் போய் நிற்கிறது: பழசுக்கு ஈடில்லை. 1930களின் மார்ட்டின், 1940களின் கிப்ஸன், இவற்றில் ஒன்று கையில் இருந்தால் போதும். ஸ்டூடியோவில் மைக்கை முன்னால் வைத்தாலே வேலை முடிந்தது, மேடையில் ஒரு மீட்டலில் அரங்கமே அடங்கிவிடும் என்கிறார்கள். மரம் பல பத்தாண்டுகள் காய்ந்து, வாசிக்க வாசிக்க அதிர்ந்து, ஓசை திறந்துகொள்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். புதுக் கிட்டார் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும் அதன் ஓசை மூடியே கிடக்கும். அதற்கு ஐம்பது வருடம் ஆக வேண்டும்.

இந்தக் கருத்து தவறு. கேட்பதற்கு இனிய தவறு என்பதால்தான் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. இதனால் இரண்டு விதமான நஷ்டம் நடக்கிறது. வளர்ந்து வரும் கலைஞர் நல்ல மைக்குக்கும் நல்ல பிக்கப்புக்கும் போக வேண்டிய பணத்தை ஒரு ஆண்டு எண்ணுக்குக் கொட்டுகிறார். இன்னொரு பக்கம், திரும்பக் கிடைக்காத கருவிகள் அவற்றால் தாங்க முடியாத வேலைக்கு அனுப்பப்படுகின்றன. பழைய கிட்டார்கள் மோசமானவை என்று நான் சொல்ல வரவில்லை. நான் கேட்ட மிகச் சிறந்த கிட்டார் ஓசைகளில் சில எண்பது வயதுக் கருவிகளிலிருந்து வந்தவை. அந்த ஓசைக்குக் காரணம் வயது என்பதையும், அதே ஓசை மேடையிலும் அப்படியே பயன்படும் என்பதையும்தான் மறுக்கிறேன்.

மார்ட்டின் கிட்டார்களையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்த நம்பிக்கையின் மூலஸ்தானமே அதுதான். சாக்ஸனியிலிருந்து கப்பலேறி வந்த கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் மார்ட்டின் 1833-இல் நியூயார்க்கில் தொடங்கிய தொழில் அது. சில ஆண்டுகளிலேயே பென்சில்வேனியாவில் உள்ள நாசரேத் என்ற சிற்றூருக்கு மாறி, இன்றும் அங்கேயே இருக்கிறது. டிரெட்நாட் எனப்படும் அகன்ற உடல் கொண்ட கிட்டாரை மார்ட்டின் 1916-இல் பாஸ்டனைச் சேர்ந்த ஆலிவர் டிட்சன் கம்பெனிக்காகச் செய்தது. 1931-இல் தன் சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது. டி-18, டி-28 இரண்டும் அந்த வரிசைதான். 1933-இல் ஜீன் ஆட்ரி என்ற பாடகருக்காக முதல் டி-45 செய்யப்பட்டது. 1942 வரை மொத்தம் 91 டி-45கள்தான் வெளிவந்தன. இன்று ஒரு வீட்டின் விலை போகும் கருவிகள் இவை.

இந்தக் கிட்டார்களின் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தால் விஷயம் விளங்கும். முகப்பலகையின் அடியில் எக்ஸ் வடிவத்தில் இரண்டு சட்டங்கள் ஓடுகின்றன. கம்பிகளின் இழுப்பு, சாதாரண லைட் கேஜ் கம்பி போட்டாலே எழுபது கிலோவைத் தாண்டும். அதைத் தாங்குவது இந்தச் சட்டங்கள்தான். போருக்கு முந்தைய மார்ட்டின்களில் இந்தச் சட்டங்களை இடையிடையே உளியால் குழிவாகச் செதுக்கியிருப்பார்கள். விரல் ஓரிடத்தில் மேடு ஏறும், அடுத்த கணம் பள்ளத்தில் இறங்கும். அந்தப் பள்ளத்தில்தான் முகப்பலகைக்கு அசையும் சுதந்திரம் கிடைக்கிறது. அடிக்கம்பியின் அந்த ஆழம், ஒரு சுண்டலிலேயே மார்பில் வந்து மோதும் அந்த முழக்கம், எல்லாம் அங்கிருந்து வருகிறது. 1944-இன் பிற்பகுதியில் மார்ட்டின் இந்தச் செதுக்கலை நிறுத்தியது. வாசிப்பவர்கள் கனத்த கம்பிகளைப் போட்டார்கள், முகப்பலகை புடைத்தது, கிட்டார்கள் பழுதுக்குத் திரும்பி வந்தன. அதனால் சட்டங்கள் நேராக, கனமாக மாறின. அதையொட்டிய ஆண்டுகளிலேயே அடிரோண்டாக் ஸ்ப்ரூஸ் முகப்பலகையும் போய் சிட்கா ஸ்ப்ரூஸ் வந்தது.

இப்போது வயதுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1935-இல் செய்த டி-28, 2005-இல் எழுபது வயதை எட்டியது. அப்போது அது தெய்வம். 1955-இல் செய்த டி-28 இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அதை யாராவது அந்தப் பீடத்தில் வைக்கிறார்களா? நல்ல கிட்டார் என்பார்கள், விலையில் பாதிகூட வராது. ஓசைக்கு வயதுதான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் இருக்கவே கூடாது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே பிரேசிலிய ரோஸ்வுட். நடுவில் மாறியது உளியின் வேலையும் முகப்பலகையின் மரமும். விண்டேஜ் வியாபாரிகளுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்கள் 1944 என்ற ஆண்டைக் கோடு போட்டுப் பிரித்து விலை வைக்கிறார்கள். விலைச்சீட்டில் ஒப்புக்கொண்டதைப் பேச்சில் மறுக்கிறார்கள்.

செய்முறைதான் காரணம் என்றால் அதைத் திரும்பச் செய்யலாம் இல்லையா? செய்துவிட்டார்கள். மார்ட்டினே 1976-இல் எச்டி-28 என்ற மாடலில் செதுக்கிய சட்டங்களைத் திரும்பக் கொண்டுவந்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் தொடங்கிய சான்டா குரூஸ், பிறகு டெக்ஸஸின் காலிங்ஸ் போன்ற சிறு பட்டறைகள், போருக்கு முந்தைய கிட்டார்களை அளந்து, புரிந்து, அந்த இலேசான கட்டமைப்பைப் புதிதாகச் செய்கின்றன. டோனி ரைஸ் என்ற புளூகிராஸ் மேதையின் கதை இங்கே முக்கியம். அவரிடம் இருந்தது 1935-ஆம் ஆண்டு டி-28. அதற்கு முன் அது கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் வைட்டிடம் இருந்தது. புளூகிராஸ் உலகில் அதற்கு மேல் புனிதமான மரம் கிடையாது. அந்த மனிதருக்கே சான்டா குரூஸ் பட்டறை புதுக் கிட்டார் செய்து கொடுத்தது, அவரும் அதைப் பல ஆண்டுகள் வாசித்தார். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த 1935 கிட்டாரின் ஒலித்துளையை யாரோ எப்போதோ பெரிதாக வெட்டியிருந்தார்கள், ஃபிங்கர்போர்டும் அசல் இல்லை. விண்டேஜ் சந்தையின் இலக்கணப்படி அது கெடுக்கப்பட்ட கருவி. கெடுக்கப்பட்ட அந்தக் கருவியின் ஓசையைத்தான் இரண்டு தலைமுறை கிட்டார் கலைஞர்கள் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வயது எதையும் சரிசெய்துவிடாது என்பதற்கு 1970களின் கிட்டார்களே சாட்சி. அவை இப்போது ஐம்பது வயதானவை, கடைகளில் விண்டேஜ் என்ற பெயர்ப்பலகையோடு தொங்குகின்றன. அந்தக் காலத்துக் கிப்ஸனின் முகப்பலகைக்கு அடியில் ஒரு எக்ஸுக்குப் பதில் இரண்டு எக்ஸ் சட்டங்கள். பழுதுக்குத் திரும்பி வரக்கூடாது என்ற ஒரே கவலையோடு கட்டியவை. அவை அன்றும் ஊமை, இன்றும் ஊமை. அதற்குச் சற்று முன், 1960களில், கிப்ஸன் தன் சில கிட்டார்களில் பிளாஸ்டிக் பிரிட்ஜும், திருகி உயர்த்தும் சேடிலும் வைத்தது. அறுபது வருடம் காய்ந்தாலும் பிளாஸ்டிக் மரமாகாது.

இதற்கு நேர் எதிராக, போர்க்காலத்துக் கிப்ஸன்களைப் பாருங்கள். 1942-இல் வந்த ஜே-45 இன்று பாடகர்களின் கனவுக் கிட்டார். மிச்சிகனின் கலமசூ ஆலையில் ஆண்கள் போருக்குப் போய்விட, அவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தத் தொழிலுக்கே புதியவர்கள். அந்தக் கிட்டார்களின் இலேசான எடையும் இதமான ஓசையும் அவர்கள் கைவேலை. எல்லாப் புகழையும் காலத்தின் கணக்கில் எழுதிவிட்டால் அந்தக் கைகளுக்குப் பெயரே இல்லாமல் போகிறது. எனக்கு இந்த விஷயத்தில் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

காது சொல்கிறதே, அதை எப்படி மறுப்பது என்று கேட்பார்கள். காதைக் கண்ணிடமிருந்து பிரித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட சோதனை ஒன்று. ஒரே கைவினைஞர், ஒரே மாடலில் ஆறு கிட்டார்களைச் செய்தார். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் ஆறு வேறு மரங்கள். விலை உச்சத்தில் இருக்கும் பிரேசிலிய ரோஸ்வுட்டும் உண்டு, மலிவான சப்பெலியும் உண்டு. மங்கலான வெளிச்சத்தில், வெல்டர்கள் போடும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 52 கிட்டார் கலைஞர்கள் வாசித்தார்கள். ஆறுக்கும் கிடைத்த மதிப்பெண்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. விண்டேஜ் நம்பிக்கையின் பாதி எடை பிரேசிலிய ரோஸ்வுட் மேல் நிற்கிறது; அந்தப் பாதி இருட்டறையில் கரைந்துபோனது.

வயதைப் பற்றிய சோதனைகள் வயலின் உலகில் நடந்திருக்கின்றன. கிளாடியா ஃபிரிட்ஸ் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில் 21 வயலின் கலைஞர்கள் கண்ணை மறைத்துக்கொண்டு வாசித்தார்கள். அதிகம் விரும்பப்பட்டது ஒரு புது வயலின், குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. 2014-இல் பத்து சோலோ கலைஞர்களை வைத்துச் செய்தபோதும் பெரும்பாலோர் புதியவற்றையே தேர்ந்தார்கள். வாசிக்க வாசிக்க ஓசை திறக்கிறது என்ற நம்பிக்கையையும் சிட்னியில் சோதித்தார்கள். ஒரே மரத்திலிருந்து இரட்டையாகச் செய்த இரண்டு வயலின்களில் ஒன்று அருங்காட்சியகத்தில் இருந்தது, மற்றதைத் தொழில்முறைக் கலைஞர் வாசித்து வந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்பிட்டபோது கேட்பவர்களாலும் வாசிப்பவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வயலின் வேறு, கிட்டார் வேறு என்று தள்ளிவிடலாம். ஆனால் பழசின் மகிமையைச் சொல்லும்போது ஸ்ட்ராடிவாரியை முதலில் இழுத்து வருபவர்கள் கிட்டார்க்காரர்கள்தான்.

மரம் காலப்போக்கில் மாறுவதே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். மாறுகிறது. மரத்துக்குள் இருக்கும் ஹெமிசெல்லுலோஸ் மெல்லச் சிதைகிறது, ஈரத்தை உறிஞ்சும் தன்மை குறைகிறது, பலகை கொஞ்சம் இலேசாகிறது. இதையே சூளையில், ஆக்சிஜன் குறைவான சூட்டில் வறுத்து, சில மணி நேரத்தில் பெரும்பாலும் பெற்றுவிட முடிகிறது; மார்ட்டின், யமஹா உள்ளிட்ட பல கம்பெனிகள் அப்படிப்பட்ட முகப்பலகைகளோடு கிட்டார் விற்கின்றன. இந்த மாற்றம் உண்மை, அதன் அளவு சிறியது. சட்டத்தை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகச் செதுக்கினால் வரும் மாற்றம் இதைவிடப் பெரியது. புதுக் கம்பி போட்டால் வரும் மாற்றமும் பெரியது.

இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. எந்த இசைத்தட்டுகளைக் கேட்டு இந்த ஓசைமேல் நமக்குக் காதல் வந்தது? அவற்றில் வாசிக்கப்பட்ட கிட்டார்களுக்கு அன்று என்ன வயது? பால் மெக்கார்ட்னி 1965-இல் 'யெஸ்டர்டே' பாடலைப் பதிவு செய்தது 1964-இல் செய்த எபிஃபோன் டெக்ஸனில். 1968-இல் 'பிளாக்பேர்ட்' பாடலுக்கு வாசித்த மார்ட்டினும் புதுசுதான். ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் 1962-இல் ஆளுக்கொன்றாக வாங்கிய கிப்ஸன் ஜே-160இ இன்னும் சுவாரசியமானது. அதன் முகப்பலகை பிளைவுட். அடியில் எக்ஸ் சட்டம்கூடக் கிடையாது, ஏணிப்படி போலக் குறுக்குச் சட்டங்கள். ஒலிபெருக்கியில் கூவாமல் இருப்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. விண்டேஜ் பக்தர் கடையில் கையில் எடுத்ததும் கீழே வைத்துவிடும் கட்டமைப்பு. அதன் ஓசைதான் பீட்டில்ஸின் ஆரம்பகாலத் தட்டுகள் முழுக்க நிறைந்திருக்கிறது. அதற்கும் முன்னே போனால், 1920களிலும் 30களிலும் புளூஸ் பாடகர்கள் பலர் வாசித்தவை ஸ்டெல்லா போன்ற மலிவு விலைக் கிட்டார்கள். லெட்பெல்லியின் பன்னிரண்டு கம்பிக் கிட்டார் அந்த ஸ்டெல்லாதான். அந்தப் பதிவுகளில் இருப்பது அன்றைய தேதியில் புதிதாக, பெரும்பாலும் மலிவாக இருந்த கருவிகளும் அசாத்தியமான விரல்களும்.

மேடைக்கு வருவோம். விண்டேஜ் வாதம் முழுதாக உடைவது மேடையில்தான்.

போருக்கு முந்தைய டிரெட்நாட்டின் பெருமை என்ன? இலேசான முகப்பலகை, கொஞ்சம் காற்று பட்டாலும் அதிரும். அறையில் ஒருவர் வாசித்து நாலு பேர் கேட்கும்போது அது வரம். மேடையில், காலடியில் இருக்கும் மானிட்டரிலிருந்து அதே கிட்டாரின் ஓசை திரும்பி வந்து முகப்பலகையில் மோதுகிறது. பலகை அதற்கும் அதிர்கிறது, அந்த அதிர்வு மறுபடி பிக்கப்பில் ஏறி, மறுபடி மானிட்டருக்குப் போகிறது. டிரெட்நாட்டின் உள்ளே அடைபட்ட காற்று இயல்பாக அதிர்வது 100 ஹெர்ட்ஸ் பக்கம், முகப்பலகை அதிர்வது 200 ஹெர்ட்ஸ் பக்கம். கிட்டாரில் ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். திறந்த மூன்றாவது கம்பியின் ஜி 196. ஆக, ஜி கார்ட் பிடித்த நிமிடம் இரண்டு இடத்திலும் நெருப்பு பற்றுகிறது. மிக்சரில் நிற்பவர் ஓடிவந்து 100-ஐயும் 200-ஐயும் வெட்டுகிறார். அதுவும் போதாமல் ஒலித்துளையை ரப்பர் மூடி போட்டு அடைக்கிறார்கள். எந்த அடிநாதத்துக்காக லட்சக்கணக்கில் கொடுத்தோமோ, அதை முதல் பாட்டு முடிவதற்குள் கையாலேயே அறுத்துப் போட்டாயிற்று. அருகில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் இருந்தால் இந்தக் கதை இன்னும் சீக்கிரம் முடியும்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் 1960களிலேயே வேறு வழி தேடினார்கள். ஹெலிகாப்டர் செய்த சார்ல்ஸ் கேமன் 1966-இல் ஓவேஷன் கிட்டார்களை ஆரம்பித்தார். பின்பக்கம் கண்ணாடியிழைக் கிண்ணம், சேடிலுக்கு அடியில் பீசோ பிக்கப். மரப்பக்தர்கள் இன்றும் முகம் சுளிக்கும் கருவி. ஆனால் கிளென் கேம்பல் அதைத் தொலைக்காட்சியில் வாசித்ததை அமெரிக்காவே பார்த்தது. எழுபதுகளில் ஊர் ஊராகப் போன கலைஞர்கள் பலர் அதைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். கூவாது, வளையாது, மேடையில் எல்லோருக்கும் கேட்கும். பிறகு டகமைன், டெய்லர் என்று வரிசையாக வந்தவை எல்லாம் இந்தப் பிரச்சினைக்கான பதில்கள். மேடைக் கிட்டார் என்பது தனி வகை. அதை ஸ்டூடியோக் கிட்டாரின் ஏழை உறவினராகப் பார்ப்பதை நிறுத்த வேண்டும்.

பழைய கிட்டாரில் பிக்கப் வைத்துக்கொண்டால் போதாதா? சேடிலுக்கு அடியில் பீசோ வைக்கப் பள்ளத்தைத் துல்லியமாகச் சமப்படுத்த வேண்டும், ஒயர் இறங்கத் துளை போட வேண்டும். கீழே பெல்ட் மாட்டும் பின் இருக்கும் இடத்தில் ஜாக்குக்காக அரை அங்குலத் துளை. எண்பது வருடம் யாரும் தொடாத கட்டையில் டிரில் இறங்கும் அந்தச் சத்தத்தை மனசாட்சி உள்ள எந்தப் பழுதுபார்ப்பவரும் விரும்ப மாட்டார். இத்தனை செய்த பிறகு வெளியே வருவது என்ன? சேடிலின் அழுத்தத்தை அளக்கும் பீசோவுக்கு, காற்றில் விரியும் அந்த ஓசை தெரியாது. கம்பியின் கூர்மையான டிக் டிக் தான் அதற்குத் தெரியும். 1935-ஆம் ஆண்டுக் கிட்டாரும் போன வருடக் கிட்டாரும் பீசோ வழியாக அண்ணன் தம்பி போல ஒலிக்கும். மேடையில் மைக் ஓசை வேண்டும் என்பவர்களுக்கு ஃபிஷ்மன் ஆரா மாதிரிப் பெட்டிகள் இருக்கின்றன. ஸ்டூடியோவில் நல்ல மைக்கில் பிடித்த ஓசையின் சாயலை பீசோவின் மேல் ஏற்றிவிடுகின்றன. பழைய கிட்டார் வீட்டில் இருக்கலாம், அதன் சாயல் ஊர் சுற்றலாம்.

நிர்வாணாவின் அன்பிளக்ட் நிகழ்ச்சியைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. 1993 நவம்பரில் கர்ட் கோபேன் அதில் வாசித்தது 1959-ஆம் ஆண்டு மார்ட்டின் டி-18இ. பழையதுதான். ஆனால் அது என்ன கிட்டார் என்று பாருங்கள்: முகப்பலகையில் எலக்ட்ரிக் பிக்கப்புகளும் குமிழ்களும் பதித்து, அக்கூஸ்டிக் ஓசையைப் பலி கொடுத்த ஒரு சோதனை முயற்சி. சில நூறு செய்ததோடு மார்ட்டின் நிறுத்திவிட்டது. கோபேன் அதில் வேறு பிக்கப் வைத்து ஆம்ப் வழியாக வாசித்தார். 2020-இல் ஏலத்தில் அது 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்தத் தொகை அந்த இரவுக்கும் அந்த மனிதருக்கும் கொடுத்தது. ஓசைக்குக் கொடுத்ததாக யாரும் சொல்ல முடியாது. வில்லி நெல்சன் அரை நூற்றாண்டுக்கு மேலாக மேடையில் வாசிக்கும் 'டிரிக்கர்' கிட்டாரும் 1969-இல் மார்ட்டினாக வாங்கியதுதான். உடைந்துபோன இன்னொரு கிட்டாரின் பிக்கப்பைப் பிடுங்கி அதில் பொருத்திக்கொண்டார். அதன் முகப்பலகையில் இருக்கும் அந்தப் பெரிய ஓட்டை அவர் விரல்கள் தேய்த்தது. பழைய கிட்டாரை அவர் தேடிப் போகவில்லை, வாங்கிய கிட்டாரோடு அவரே வயதானார்.

வாங்குபவர்களுக்கு விற்பவர்கள் சொல்லாத ஒன்று உண்டு: கழுத்து. மார்ட்டின் கழுத்துக்குள் திருகித் திருத்தும் இரும்புக் கம்பி 1985-இல்தான் வந்தது. அதற்கு முந்தையவை எல்லாம் கம்பிகளின் இழுப்புக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணிந்து வந்தவை. ஒரு நீண்ட இரும்பு ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் நேராக வைத்து பிரிட்ஜ் வரை தள்ளிப் பாருங்கள். ஸ்கேலின் நுனி பிரிட்ஜின் மேல்விளிம்பில் வந்து அமர வேண்டும். பிரிட்ஜின் நெற்றியில் பாதியில் முட்டினால் கழுத்தைக் கழற்றியாக வேண்டும். சேடிலைப் பாருங்கள், முன்னால் வைத்திருந்தவர்கள் ஆக்‌ஷனைக் குறைக்கக் குறைக்கத் தேய்த்து, எலும்பு ஒரு கோடு அளவுக்குத்தான் வெளியே தெரியும். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டுவிட்டது. கழுத்தைக் கழற்றுவதென்றால் மூட்டுக்குள் நீராவி செலுத்தி, பழைய வஜ்ஜிரப் பசையை இளக்கி, அடிக்கட்டையை இழை இழையாகச் சீவிக் கோணம் மாற்றிப் பொருத்துவது. இதை நம்பிக் கொடுக்கக்கூடிய கைகள் நம் ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அதே வஜ்ஜிரப் பசைதான் சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் தானாகவே இளகுகிறது. கிட்டாருக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வது ஐம்பது சதவீதத்தை ஒட்டிய காற்று ஈரம். சென்னையின் கடற்காற்றிலிருந்து ஏசி அரங்குக்கும், அங்கிருந்து திறந்தவெளி மேடைக்கும் ஒரே நாளில் போய்வரும் கிட்டாருக்கு அது எந்த வேளையில் கிடைக்கும்?

கூட்டம், ஒயர், அவசரம், இருட்டு, இவை இருக்கும் இடத்தில் பழைய கருவிக்கு என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2015-இல் வெளிவந்த 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படப்பிடிப்புக்காக மார்ட்டின் அருங்காட்சியகம் 1870களின் கிட்டார் ஒன்றை இரவல் கொடுத்தது. உடைக்கும் காட்சிக்கு முன் நகலை மாற்றி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. கர்ட் ரஸல் தூண் மேல் ஓங்கி அடித்து நொறுக்கியது அசல் கிட்டார். அதன் பிறகு எந்தப் படத்துக்கும் கருவி கொடுப்பதில்லை என்று அருங்காட்சியகம் முடிவெடுத்தது. அவ்வளவு பெரிய படப்பிடிப்பிலேயே இந்தக் கதி.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. பிரேசிலிய ரோஸ்வுட் கிடைப்பது சிரமமானதும் மார்ட்டின் 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். 'அசல் பிரேசில் இல்லை, வெறும் இந்திய மரம்' என்று உதட்டைப் பிதுக்கும் பேச்சை நம் ஊர்ப் பையன்கள் வாயிலேயே கேட்கும்போது மனம் கசக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்ட அந்த 52 பேருக்கு வித்தியாசம் தெரியவில்லை, நமக்குத் தெரிகிறது. பிரேசிலிய மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அந்த மரத்தில் செய்த கிட்டாரோடு வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போனால் உரிய சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. ஈட்டியில் செய்த கருவிகளுக்கும் 2017-இல் இப்படி ஒரு சிக்கல் வந்து, 2019-இல் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. நாடு நாடாகப் போய் வாசிப்பவருக்கு இது ஒன்றே போதிய காரணம்.

சரி, ஸ்டூடியோ? அங்கே நான் கதவை முழுதாக மூட மாட்டேன். நிசப்தமான அறை, ஒரு நல்ல கண்டென்சர் மைக், கையில் நேரம், இவை மூன்றும் இருந்தால் இலேசாகக் கட்டிய பழைய கிட்டாருக்குத் தன் முழு அழகையும் காட்ட இடம் கிடைக்கிறது. குரலும் ஒரு கிட்டாரும் மட்டும் உள்ள பாட்டுக்கு 1930களின் சின்ன உடல் மார்ட்டின் ஒன்று கிடைத்தால் நானும் அதைத்தான் கேட்பேன். ஆனால் இருபது டிராக் உள்ள திரைப்பாட்டில் அந்தப் பெரிய டிரெட்நாட்டைக் கொண்டுவந்தால், மிக்ஸ் செய்பவர் முதலில் செய்வது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வழித்தெடுப்பதுதான். பேஸுக்கும் தபேலாவின் டக்காவுக்கும் அந்த இடம் வேண்டும். அங்கே மெல்லிய, சாதாரண, பிளைவுட் முதுகுள்ள கிட்டார்கூடப் பாட்டுக்குள் கச்சிதமாக உட்காரும். எந்தக் கிட்டார் உயர்ந்தது என்ற கேள்விக்குப் பாட்டைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு எதிர்வாதம், எல்லாவற்றிலும் நேர்மையானது. பழைய கிட்டாரை மடியில் வைத்தால் வேறு மாதிரி வாசிக்கத் தோன்றுகிறது என்பார்கள். நூறு கைகள் தொட்ட கழுத்து, தேய்ந்த வார்னிஷ், அந்த மணம், இவை விரலை மாற்றுகின்றன. இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். கலைஞருக்கு மனசும் ஒரு கருவி. அப்படியானால் அந்தக் காரணத்தைச் சொல்லியே வாங்கட்டும், விற்கட்டும். ஒரு நினைவுப்பொருளுக்கு உரிய விலையை ஓசையின் விலையாகக் காட்டி, அது இல்லாத பையன் தன் கிட்டார் எப்போதும் ஒரு படி கீழேதான் என்று நம்பும்படி செய்வதைத்தான் தவறு என்கிறேன்.

வாங்கப் போகிறவர் செய்ய வேண்டியது இது. பழையது, புதியது எல்லாவற்றுக்கும் ஒரே கம்பெனியின் ஒரே கனமுள்ள புதுக் கம்பிகளைப் போடச் சொல்லுங்கள். நண்பர் ஒருவர் வாசிக்கட்டும், நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருங்கள். ஸ்டூடியோவுக்கு என்றால் ஒரே மைக்கை ஒரே தூரத்தில் வைத்து, நீங்கள் பதிவு செய்யப் போகும் பாட்டையே வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். எது எது என்று தெரியாமல் மறுநாள் காலையில் கேளுங்கள். மேடைக்கு என்றால் கடையின் அமைதியில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பிக்கப்பை மாட்டி, மானிட்டரைக் காலடியில் வைத்து, டிரம்ஸ்காரரை உட்காரவைத்து, ஜி கார்டை ஓங்கி அடியுங்கள். இத்தனைக்கும் பிறகு ஒரு 1943-ஆம் ஆண்டு ஜே-45 தான் ஜெயிக்கிறது என்றால், கழுத்துக் கோணத்தைச் சரிபார்த்துவிட்டுத் தாராளமாக அதை வாங்குங்கள்.